பாரச் சீட்டு

நம் பிரிவின் பவளவிழா மலருக்கு
இரண்டு பக்கம் கேட்டு எழுதியிருந்தீர்கள்.
தொடங்கிய தேதி, பதக்கம், தளபதிகளின் படம்
எல்லாம் உங்கள் அலமாரியில் இருக்கும்.
என்னிடம் இருப்பது எடை மட்டும்.

டக்கோட்டாவுக்கு ஆறாயிரம் பவுண்டு.
கதவைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.
மணி அடித்ததும் உதைக்க வேண்டும், முழங்கால் மடங்காமல்.
அரிசிக்குப் பாராசூட் கிடையாது:
சாக்குக்குள் சாக்கு,
உள்ளது கிழிந்தால் வெளியே உள்ளது பிடித்துக்கொள்ளும்.
மண்ணெண்ணெய்க்கு உண்டு. மருந்துக்கு உண்டு.
உயிரோடு போகும் ஆட்டுக்கும் உண்டு.
ஆடு கத்துமா என்று ஏரல் பஜாரில்
இன்றைக்கும் கேட்கிறார்கள்.
எஞ்சின் சத்தத்தில் யாருக்குத் தெரியும்?

பள்ளத்தாக்கில் திரும்ப ஓர் இடம்தான்.
நெல்லையப்பர் தேர் ரதவீதி முக்கில் திரும்புமே,
தடி போடுகிறவன் கை பிசகினால்
தேர் வீட்டுக்குள் போகும், அப்படி ஓர் இடம்.
பரூவா சார் நூறு தடவை திருப்பியிருக்கிறார்.
நூற்றுச்சொச்சமாவது தடவை
மேகத்துக்குள் மலை இருந்தது.

அந்தச் சீட்டில் என் கையெழுத்து.
ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது பவுண்டு, ஆறு பேர்.
எடை சரி என்று விசாரணையில்
மூன்று முறை சொன்னேன்.
தவசிக்கனி அன்று காலை
என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போயிருந்தான்.
அதை யாரும் கேட்கவில்லை.

பிறகு ரஷ்ய விமானம் வந்தது.
வாலுக்கடியில் வாய் திறக்கும்,
உருளைமேல் சரக்கு தானே போகும்.
காலுக்கு வேலை போயிற்று.
பலாலியில் ஒரு நாள் ஒரு பெட்டி ஏற்றினோம்,
பனிக்கட்டியோடு நூற்றுப்பத்து கிலோ,
மேலே ஊர்ப்பெயர்: கயத்தாறு.
கயத்தாற்றில் ஓடுதளம் இருக்கிறது சார்,
வெள்ளைக்காரன் சண்டைக்குப் போட்டது,
வெடிப்பில் கோரை முளைத்து வெள்ளாடு மேயும்.
வரைபடத்தில் விரலை வைத்து அளந்து பார்த்தேன்.
திருச்சியில்தான் இறக்கினோம்.
மிச்சத்துக்கு லாரி.

இனி மலருக்கு ஆகாத விஷயம்.

அந்த மார்கழி வெள்ளத்தில்
செய்யது மசூது பாத்திரக்கடை மாடியில்
இருபத்து மூன்று பேர் இருந்தோம்.
ஆறு ஆற்றில் இல்லை, தெருவில் இருந்தது.
மூன்றாம் நாள் ஹெலிகாப்டர் வந்தது.
நம் பிரிவு இல்லை, தலையில் சுற்றுகிற ஜாதி.
முதல் பொட்டலம் வாழைத் தோப்பில் விழுந்தது.
வாடைக்காற்றுக்குத் தள்ளிக் கணக்குப் போடவில்லை பயல்.
இரண்டாவது தண்ணீர்த் தொட்டியில் மோதி உடைந்தது.
மூன்றாவது எங்களுக்கு.

முப்பது வருஷம் தள்ளியவன்,
கீழே நின்று ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.
கீழிருந்து பார்த்தால் அது விழுவதில்லை சார்.
பெருத்துக்கொண்டே வருகிறது.
எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு ஓடினார்கள்.
"வெலகுங்கல! வெலகுங்க!"
உச்சிமாகாளி மகளை முடியைப் பிடித்து இழுத்தேன்.
பிந்தி அவள் அம்மா என்னை ஏசினாள்,
சோத்தைக் கண்டும் குறுக்க நிக்கிற கெழம் என்று.
பதில் சொல்லவில்லை.
காவல்சாவடிகளிலிருந்து இரண்டு தடவை
கம்பியில்லாச் செய்தி வந்ததுண்டு:
மூட்டைகள் கிடைத்தன. கீழே நின்றவர் ஒருவர்.
அவ்வளவுதான் வரும். நாங்கள் கோப்பில் வைப்போம்.

ஒன்பது கிலோ என்று கண்ணால் போட்டேன்.
மசூதின் தராசு தண்ணீருக்கடியில் கிடந்தது,
சரிபார்க்க வழியில்லை.
பிரெட் பாதி நனைந்துபோயிற்று. பால்பொடி தப்பியது.

அந்தக் கதவில் ஒரு பையன்
குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டி,
விழுந்த இடத்தைப் பார்த்தான்.
போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே போனான்.
நாங்கள் பார்த்ததில்லை. அடுத்த மணி அடித்துவிடும்.

இரண்டு பக்கத்துக்கு மேல் போய்விட்டது.
வெட்டிக்கொள்ளுங்கள், படமும் அனுப்பவில்லை.
ஒரு திருத்தம் மட்டும் பழைய கோப்பில் சேர்க்கவும்:
மேற்படி சீட்டில் விடுபட்டது,
கம்பளி ஸ்வெட்டர், ஒன்று.
இரண்டு பவுண்டு இருக்கும்.