ஐந்துவரை

ஊன்யூவுக்கு எட்டு மாதம்.
லியாங்ஷான் மலையிறங்கி
செங்டு வந்து சேரும்வரை
வெறும் சளி என்றே இருந்தார்கள்.

திரையில் பார்த்தேன்:
நூடுல்ஸ் பருமனே உள்ள
இடப்பக்க மூச்சுக்கிளையை
திரிந்த பால்போல் அடைத்திருந்தது காசம்.

டாக்டர் ஷென் பெடலை மிதித்தார்.
கம்பி நுனியில் பனி பூத்தது.
எண்ணுவது என் வேலை.
ஐந்தைத் தாண்டக் கூடாது.
மூன்றில்
ஆக்சிஜன் எண்பத்தொன்று.
யாரும் பேசவில்லை.

உறைந்து ஒட்டிக்கொண்டு வந்தது
நொய்யரிசி அளவு வெண்மை.
இன்றைக்கு அவ்வளவுதான்.
மீதி அடுத்த புதன்.

வெளியே அவள் அப்பா,
சுட்ட உருளைக்கிழங்கு உரிக்காமல் கையில்.
"பிள்ளைக்குக் குளிர் ஆகாதே" என்றார்
உடைந்த சீனத்தில்.

குளிரைத்தான் உள்ளே அனுப்பினோம்
என்று எப்படிச் சொல்ல?

தோள் கம்பளியைக் கழற்றி நீட்டினார்.
ஆட்டு வாடை.
ஐ.சி.யூவுக்குள் அனுமதியில்லை.
வாங்கிக்கொண்டேன்.