எடை மேடைக்குப் பின்புறம்

கப்பலூர் எடை மேடைக்கு
இருபது கிலோ ஒரு படி.
நான் ஏறி நின்றால் அறுபது;
சாப்பிட்டுவிட்டு வந்து நின்றாலும் அறுபதுதான்.
அதனால் காயைத் தையல் டேப்பில் அளந்தேன்,
இடுப்பளவு எடுப்பதுபோல்.
நோட்டில் லாரி எண்களுக்கு அடியில் குறித்தேன்.

விதை ஒச்சப்பன் கொடுத்தது.
ஓசூரில் லோடு இறக்கிவிட்டு வந்தவன்
டீசல் ரசீதில் மடித்து நீட்டினான்.
"ஆள் உசரம் வரும்க்கா."
அவன் சொல்லும் டன் கணக்கையே நான் நம்புவதில்லை.
ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் ஊன்றி மறந்தேன்.

முதல் காய் தேங்காய் அளவில்
கொடியோடு ஒட்டிப் படுத்திருந்தது,
காம்பு மடங்கி.
விலகி நிற்கட்டுமென்று
காலையில், ஒரே திருப்பாகத் திருப்பினேன்.
சாக்பீஸ் ஒடிகிற சத்தம், அவ்வளவுதான்.
டோல்கேட் பிள்ளைகள் நாலு பேர்
அன்று புளிக்குழம்பு சாப்பிட்டார்கள்.

இரண்டாவதற்குத் தெரிந்துகொண்டேன்:
காலைக் காம்பைத் தொடக் கூடாது,
ராத்திரி குடித்த தண்ணீரில் விறைத்திருக்கும்.
மூன்று மணி வெயிலில்
இலைகள் மடக்கிய குடைகளாகத் தொங்கும்போது
கொடிக்கும் கொஞ்சம் மனசு இளகுகிறது.
அப்போது ஒரு விரற்கடை.
மறுநாள் ஒரு விரற்கடை.
இடையில் ஹாரன் அடித்தால்
அடிக்கட்டும்.
பதினொரு நாளில் காம்பும் கொடியும்
மூலைமட்டம் வைத்ததுபோல் நின்றன.

மொக்கச்சாமி நாலு சட்டி மணல் தந்தார்,
எந்தச் சீட்டிலும் ஏறாத மணல்.
தரை மேடைப் பக்கம் சரிவு;
உருண்டுவிடாமலிருக்க
டிவிஎஸ் டயர் ஒன்றை அடியில் வைத்தேன்.
சும்மாட்டில் ஏறிய குடம்போல்
அழகாக உட்கார்ந்தது.
அடுத்த பத்து நாள் பேய் வளர்த்தி.
டயரை அளந்தா வளரும்?
சதை பிதுங்கி விளிம்பைக் கவ்வ,
தாங்கிக்கொண்டிருந்தது இறுக்கத் தொடங்கியது.
பாதி ராத்திரி, ஹாக்ஸா பிளேடு,
வாயில் கவ்விய செல்போன் வெளிச்சம்.
கம்பி அறுபட அறுபட
காய் மூச்சு விட்டதைக் கேட்டேன் என்றால்
ஒச்சப்பன் பொய்யைவிடப் பெரிய பொய்.
தடம் மட்டும் நின்றது,
அரைஞாண் அவிழ்த்த இடுப்புபோல்.

எல்லா டிரைவருக்கும் ஒரு யோசனை இருந்தது.
நாமக்கல் வண்டிக்காரர்
லோடு கட்டுவதுபோல் கயிறு போடச் சொன்னார்.
டீக்கடை அங்கயற்கண்ணி ஒன்றும் சொல்லவில்லை;
பழைய நைட்டியைக் கொண்டுவந்து
வெயிலுக்குப் போர்த்திவிட்டுப் போனாள்.
பூப்போட்ட நைட்டி.
ராத்திரி ஷிப்ட் பால்ச்சாமி
யாரோ முதுகு காட்டிப் படுத்திருப்பதாக
இரண்டு முறை பயந்தான்.

ஆவணியில் தோள் எழும்பியது.
காய் கொடியை மேலே தள்ள,
கணுக்கணுவாய் இறங்கிய வேர்கள்
கீழே இழுத்தன.
நடுவில் காம்பு.
வேரை அறுக்கக் கை வருமா?
கொடி தானாக நம்பி ஊன்றியது.
அங்கிட்டு இரண்டு, இங்கிட்டு இரண்டு
பிளேடால் அறுத்தேன்.
ஒரு ஜாண் எழுந்தது கொடி,
சொல்லாமல் கொள்ளாமல்.
டிவி பெட்டித் தெர்மோகோலை அடியில் செருகினேன்.

புரட்டாசி மழை.
தண்ணீர் நின்றால் அடி அழுகும்.
தினமும் காய்க்கு அடியில் கையை விட்டுத் தடவுவேன்:
மணல், குளிர்ச்சி, ஒரு நத்தை,
பிறகு என்னால் அசைக்க முடியாத பாரம்.

முதலாளி இருளப்பன் எட்டிப் பார்த்தார்.
"ஆயுத பூஜைக்கு மேடை முன்னால உடைச்சிரலாம்."
அது வெள்ளைப் பூசணி, இது வேற ரகம் என்றேன்.
"கண்ணு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."
உடைக்கவில்லை. ஏன் என்பது
அவருக்கும் எனக்கும் உள்ள சம்பளப் பாக்கி.

காம்பு நெட்டியாக வறண்ட அன்று
தார்ப்பாயில் நாலு பேர் தூக்கி
மேடையில் இறக்கினார்கள்.
முந்நூற்று இருபது.
"இறங்குங்கடா."
நாற்பது.
டேப் கணக்கில் நாற்பத்தேழு.
ஏழு கிலோவை மேடை ஒத்துக்கொள்ளவில்லை;
நானும் சண்டை போடவில்லை.

பின்புறம் போனேன்.
மணலில் ஒரு குழி, ஈரமாய்.
அதற்கு மேலே
கொடி இன்னும் வளைந்தே நின்றது,
எழுந்த உயரத்தில்,
தெர்மோகோல் சரிந்த பிறகும்.