நாற்பத்திமூன்றாவது சுற்று

காலாண்டு அறிக்கையின் ஏழாம் பக்கத்தில்
தீப்பெட்டியளவு ஒரு கட்டம்:
இக்காலப்பகுதியில் ஏற்பட்ட தோல்விகள், இருப்பின்.
இருப்பின்.
அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு
கால் மணித்தியாலம் இருந்துவிட்டேன்.

உப்புவெளியில், ஐஸ் தொழிற்சாலையின் பின்சுவரோடு ஒட்டி
எங்கள் ஆய்வுகூடம்.
முன்பு மோட்டார்சைக்கிள் கராஜ்.
மழை நாளில் தரை இன்னும் பழைய ஒயில் மணக்கும்.
அரசாங்கக் காசில் வாங்கிய தராசு மட்டும்
கண்ணாடிக் கூண்டுக்குள் மூச்சைப் பிடித்து நிற்கும்;
வீதியில் லொறி போனால்
நான்காம் தசமத்தில் நடுங்கும்.

நாங்கள் செய்வது மின்கலம்.
லித்தியம் இல்லை, அதற்குக் கப்பலும் டொலரும் வேண்டும்.
சோடியம்.
நிலாவெளி அளத்தில் பாத்தி பாத்தியாக
வெயிலில் கிடக்கிறதே, அதற்குள் இருப்பது.
மற்றப் பக்கத்துக்குச் சிரட்டைக்கரி.
கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஹபீலா
கரித்தூள் மூட்டையைக் காலடியில் வைத்துப்
பாலம் தாண்டுவாள்.
சோதனைச்சாவடிக் காலத்தில்
அந்தக் கறுப்புத் தூளுக்கு
என்ன விளக்கம் சொல்லியிருப்பாய் என்று கேட்டேன்.
'ஆராய்ச்சி என்று சொல்லியிருந்தால்
இன்னும் உள்ளேதான் இருந்திருப்பேன்.'

முதல் தவணை சித்திரையில் வந்தது.
இரண்டாவதற்கான கோப்பு நகர்கிறதாம்.
கோப்பு நகர்வதை நான் கண்டதில்லை.
மான்களைக் கண்டிருக்கிறேன்:
பஸ் நிலையத்தடியில், கொம்போடு,
சாப்பாட்டுப் பார்சல் கடதாசியை மென்றபடி
ஹோர்ன் சத்தத்துக்குக் காது மட்டும் அசைத்து
வீதி கடப்பவை.
ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

வளைகுடாவின் மறுபுறம் சீனன்குடாத் தாங்கிகள்.
ஒவ்வொன்றும் ஒரு பேரரசின் வயிறு,
காட்டுக்குள் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கிறது.
எங்களுடைய கலம் உள்ளங்கை அகலம்.
பன்னிரண்டைக் கோத்துப் பெட்டியாக்கி
கணவாய்க்குப் போகும் கிறிசோஸ்தமின் படகில்
விளக்குக்காகப் பூட்டினோம்.

நாற்பத்திரண்டு இரவு எரிந்தது.
அடுத்த நாள் விடிய, சாரத்தில் சுற்றிக்கொண்டு வந்து
மேசையில் வைத்தார்:
'உங்கடை பிள்ளைக்கு வயிறு ஊதிப்போச்சு.'
ஊதித்தான் இருந்தது, பொரித்த அப்பளம் போல.
'ரெண்டு மணி மட்டும் நல்லா எரிஞ்சது தங்கச்சி.
ஜெனரேட்டர் சத்தமில்லை. பக்கத்துப் படகில
ஆர் இருமினதெண்டும் கேட்டுது.'

வெட்டிப் பார்த்தோம். ஈரம்.
கடற்காற்றை நாங்கள் முன்மொழிவில் எழுதவில்லை;
அதுவோ கதவு தட்டாமல் கரிக்குள் குடிவந்திருக்கிறது.
உலர்த்தும் அடுப்புக்கு இரண்டாம் தவணை வேண்டும்.
இரண்டாம் தவணைக்கு மைல்கல் வேண்டும்.
மைல்கல்லுக்கு உலர்ந்த கரி.

கொழும்பிலிருந்து விதானகே தொலைபேசியில்,
நிறுத்தி நிறுத்திய தமிழில், நல்ல மனத்தோடு:
'அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம், மிஸ்.
பலர் விடுகிறார்கள்.'

அன்று பின்னேரம் கரண்ட் நின்றது.
களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்த ஹபீலா
சுட்டதுபோல் விலகினாள்.
சுட்டுத்தான் இருந்தது.
அந்தப் பக்கம் ஐஸ்காரரின் கொம்பிரசர்,
மீனுக்குக் குளிர் கொடுத்துவிட்டு
மிச்சச் சூட்டை எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது,
இரண்டு வருடமாக, வாடகை கேட்காமல்.

ஐஸ்காரர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.
இப்போது சுவரில் ஒரு துளை,
சூட்டுக்குழாயைச் சுற்றி ஒன்பது பால்மா டின்.
புதிய கலங்கள் அறுபத்தொன்றாம் சுற்றில்.
நூறு தாண்டுமா, தெரியாது.

கட்டத்தில் எழுதினேன்:
தோல்வி ஒன்று. வயிறு ஊதியது. காரணம் இந்த ஊர்க் காற்று.
இடம் போதவில்லை.
ஓரத்தில் ஏறி, பக்க இலக்கத்தைச் சுற்றிக்கொண்டு
கீழே இறங்கினேன்.
'கொள்வனவு செய்த உபகரணங்கள்' என்ற இடத்தில்
ஒரு சுவர் என்று எழுதி,
பெறுமதிக்கு நேரே
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கிறேன்.