காலைக் கால், மாலைக் கால்

கோணேசர் வாசலில்
செருப்புக்குத் தந்த துண்டுகள் ஐந்தையும்
என்னிடமே நீட்டினார்கள்.
ஒருநாள் சுற்றுலாவின் வழிகாட்டி
பகல் பதினொரு மணிவரை
செருப்புக் காவற்காரிதான்.

சுவாமிமலைப் பாறை சுட்டது.
மாத்தளைப் புதுத்தம்பதி
ஒருவர் நிழலில் ஒருவர் கால்வைத்து ஓடினார்கள்.
வவுனியாத் தாதி துவாரகா
வெயிலை நோயாளியைப் போல ஒருதரம் பார்த்துவிட்டு
நிதானமாக வந்தாள்.
சிவபாதசுந்தரம், ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
வாசலிலிருந்து சன்னிதிக்கு எத்தனை அடி என்று
எண்ணிக்கொண்டே நடந்தார்.
அவருடைய மகன் பேசவில்லை.

ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே ஒரு குறுக்குத்தெரு.
எமெரன்சியாவின் பட்டறைக்கு
கண்ணுக்கு முன் மூக்கு போய்ச் சேர்ந்தது.
ஆவாரம்பட்டை, மெழுகு, சொலூஷன்,
றிஸ்மி அப்போதுதான் ஊற்றிய தேத்தண்ணி.
சுவரில் அச்சுக்கட்டைகள்
யாருமே நிற்காத கால்களாய்த்
தலைகீழாகத் தொங்கின.

"இது ராம்பி" என்று கத்தியைக் காட்டினாள்.
"தள்ளக்கூடாது. தோல் தானாக வழிவிடும்."
மாத்தளைக்காரன் தள்ளினான்.
வார் அறுந்தது. மனைவி சிரித்தாள்.
அவன் காதும் சிவந்த தோலானது.

அப்போதுதான் அளவையாளர் கேட்டார்,
குரலைக் கொஞ்சம் மென்மையாக்கி:
"உங்களுக்கு இது பரம்பரையாகவோ?"

அந்தக் கேள்விக்கு உள்ளே ஒரு கேள்வி இருக்கிறது.
எனக்குத் தெரியும். அவளுக்கும்.
நான் யன்னலைப் பார்த்தேன்.
றிஸ்மி தையல்மெஷினை நிற்பாட்டினான்.

"அப்பா துறைமுகத்தில கிரேன் ஓட்டினவர்.
நான் கொழும்பில பூட்ஸ் கொம்பனியில ஏழு வருசம்.
பரம்பரை எண்டால் இந்தக் குத்தூசியைத்தான் கேக்கவேணும்,
அது சீனாவில பிறந்தது.
வலது காலைத் தாங்கோ ஐயா."

முழங்காலில் வாங்கிக்கொண்டாள் அந்தப் பாதத்தை.
பழைய நாட்காட்டித் தாளின் முதுகில்
பென்சில் அதைச் சுற்றி வந்தது,
குதியில் தயங்கி, சுண்டுவிரலில் வளைந்து.
கூச்சத்தை அடக்க அவர்
கூரைத் தகரங்களை எண்ணினார்.
பத்துக் கால்கள், பத்துத் தாள்கள்,
காற்றுக்கு ஒரு சுத்தியல் பாரம்.

சோற்றுக்குப் பிறகு
(சூரைமீன் குழம்பு, தோல் வாசம் விரலில் போகாமல்)
திரும்பி வந்தால்
வாசலில் ஒரு புள்ளிமான்.
கோட்டைப் பக்கம் வாழைத்தோலுக்கு அலைகிற கூட்டத்தில் ஒன்று.
வாயோரம் ஒரு துண்டு மார்கழி.

மட்டக்களப்பின் வயல்களையெல்லாம்
சங்கிலி போட்டு அளந்த மனிதரின் வலது பாதத்தை
அது அவசரமில்லாமல் மென்றுகொண்டு நின்றது.

எமெரன்சியா விரட்டவில்லை.
"நல்ல வேலை செய்திருக்கு.
காலையில அளந்தது பொய்.
காலைக் கால் வேறு, மாலைக் கால் வேறு."

இரண்டாம் முறை, நாலு மணிக்கு:
இரண்டு நூல் கூட.
நாடாவைப் பறித்துத் தானே அளந்தார்.
இரண்டு நூல்.
"முப்பத்தாறு வருசத்தில
ஒரு காணியும் எனக்குப் பின்னேரம் வளரேல்லை" என்றார்.
"காணி நடக்கிறதில்லையே ஐயா."

விலாசம் எழுதினார். ஆறு வாரத்தில் தபாலில் வரும்.
கொம்பனிப் படிவத்தில் 'குறைகள்' என்ற கட்டத்தில்
மான் என்று எழுதி
வெட்டிவிட்டேன்.

வான் உட்துறைமுக வீதியில் திரும்பியபோது
அவர் பழைய சப்பாத்தைக் கழற்றி
மடியில் வைத்திருந்தார்.
வெறுங்காலைப் பார்த்தபடி
யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்:
"அப்ப விடிய எழும்பிப் போட்டால் தொளதொளக்குமோ?"

அன்று முழுக்க வாய் திறக்காத மகன்
கடலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னான்,
"பின்னேரத்தில போடுங்கோ அப்பா.
நான் வாறன், நடப்பம்."