பெயர் தெரியாத கிளை

உப்பை மூட்டையாய் வாங்கிக்
கடல் செய்கிறவன் நான்.
பகலில் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் மாற்றுவேன்.
இரவில், நிலவறையில்,
தொட்டிக்குச் சூடு பார்ப்பேன்.
ஊர் மஸ்கீகன். தெருமுனையில் ஏரி,
கண்ணுக்கெட்டிய மட்டும் நன்னீர்.
உண்மைக் கடலை நான் பார்த்ததில்லை.

பதினோரு வருடம் முன்பு
டொலீடோவின் ரொவீனா பைலர்
குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்,
சுண்டுவிரல் நீளத்தில்
மான்கொம்புப் பவளம் ஒரு கிளை.
காசு வாங்கவில்லை.
"என் தொட்டி செத்தால் உன்னிடம் இருக்கும்,
உன்னுடையது செத்தால் என்னிடம்."
எங்களுக்கு இருந்த ஒரே காப்பீடு அது.
ரசீது கிடையாது.

இன்று இரு கை சேர்த்தாலும் அடங்காது.
அடி பாசிப்பச்சை, நுனிகள் ஊதா.
எந்தத் தீவில் யார் உடைத்தது
என்று ரொவீனாவுக்கும் தெரியாது.
அவளுக்குக் கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மார்ச் மாதக் கூட்டம், லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளம்.
பொருளாளர் டெல்வின் போஸ்மா
கடிதத்தை இருமுறை வாசித்தார்.
அருகிவரும் பவளங்கள் என்று ஒரு பட்டியல்.
வைத்திருக்கலாம்.
மாநில எல்லை தாண்டி விற்கக் கூடாது.
"சும்மா கொடுத்தால்?" என்றேன்.
தாளைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
மேசைமேல் பிளாஸ்டிக் கோப்பைகளில்
விலை எழுதிய துண்டுகள்.
யாரோ மூடிகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

என்னுடையது பட்டியலில் உண்டா?
பல்கலைக்கழகத்து அமாலியா ட்ரெஹோவுக்குப் படம் அனுப்பினேன்.
"நிறத்தை நம்ப முடியாது.
உங்கள் விளக்குக்கு வளர்ந்திருக்கிறது,
உங்கள் பம்புக்கு வளைந்திருக்கிறது.
ஒரு கிளையை ஒடித்து பிளீச்சில் ஊறப்போடுங்கள்.
சதை கரைந்ததும் எலும்பை அனுப்புங்கள்.
பெயர் சொல்லப் பார்க்கிறேன்."

வெளுத்தால்தான் பெயர்.
கடலிலும் அப்படித்தான் போல:
வெளுத்த பிறகே பட்டியலில் ஏறுகிறது.

சட்டத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.
போஸ்மா திட்டுவார், எங்கள் எல்லோருக்கும் சேர்த்து.
என் முதல் ஐந்து வருடத்துப் பவளமெல்லாம்
பாறையோடு உளியால் பெயர்த்தவை.
வாங்குவேன், சாகும், வாங்குவேன்.
கராஜில் ஒரு வாளி இருக்கிறது, நிறைய எலும்பு.
யாருக்கும் காட்டியதில்லை.

ஜனவரியில் டொலீடோவில் பனிமழை.
கம்பிகள் அறுந்து நான்கு நாள் இருட்டு.
ஐந்தாம் நாள் ரொவீனா கூப்பிட்டாள்.
தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாளாம்.
கண்ணாடிக்கு என்ன விலை வரும் என்றாள்.
கிளையைப் பற்றிக் கேட்கவில்லை.
கேட்காததைக் கொஞ்ச நேரம்
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு இடுக்கியை எடுத்தேன்.
சுள்ளி முறிகிற சத்தம்.
இரண்டு ஜாடி வைத்திருந்தேன்.
ஒன்றில் பிளீச், ஒன்றில் என் கடல்.
ஒடிந்த முனை கையில் கோழையாய் வழிந்தது,
காயத்தை மூட அதற்குத் தெரிந்த வழி.

மூன்று மணி நேரம் ஓட்டினேன்.
பக்கத்து இருக்கையில் குளிர்பெட்டி, பெல்ட் போட்டு.
ஹீட்டர் முழுவீச்சில், நான் பனியனோடு.
டண்டி தாண்டினால் கொஞ்ச தூரத்தில் ஒஹாயோ.
அங்கே பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திவிட்டு
அவளை வரச் சொன்னேன்.

வந்தாள். மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள்.
"இது நான் கொடுத்ததா?"
அதேதான். குட்டி இல்லை, வாரிசு இல்லை,
அதே உயிர். பதினோரு வருடம் என் வீட்டில் இருந்தது.
திருப்பித் தருவதற்கு ஒரு சொல்
அந்தக் கடிதத்தில் இல்லை.

காபி வாங்கி வந்தேன். ஆறிப்போனது.
தெற்கே லாரிகள் எல்லையைக் கவனிக்காமல்
கடந்துகொண்டிருந்தன.
பெட்டிக்குள் வெப்பமானி: இருபத்து நான்கு.
பிறகு இருபத்து மூன்றரை.
இருபத்திரண்டு ஆவதற்குள்
எங்களில் ஒருவர் கிளம்பியாக வேண்டும்.