முள் நிற்கும்வரை

கோரிமேடு, மூன்றாம் மாடி,
ஜன்னலுக்குப் பழைய பெட்ஷீட் கட்டிய அறை.
பத்தொன்பதிலிருந்து இருபத்துநாலு வயதுவரை
நூற்றிருபது பெண்கள் வேண்டும் என் ஆய்வுக்கு.
இவள் எழுபத்து மூன்றாவது.

பேர் அஞ்சலாட்சி. வீராம்பட்டினம்.
விடியலில் ஏலம் எடுத்து, விற்று முடித்து,
எலுமிச்சை தேய்த்தும் போகாத வாசத்தோடு வந்திருந்தாள்.
"வலிக்குமா?"
"கிள்ளுற மாதிரி இருக்கும்."
"கிள்ளுறதுக்கா மிஷின்!"

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, பின்பக்கம்,
பேனாவால் ஒரு புள்ளி.
தசையை விட்டுவிட்டுத் தோலை மட்டும் தூக்க
இடுக்கி கவ்வுகிறது.
முள் ஓடி, தளர்ந்து, தயங்குகிறது.
இரண்டு விநாடிக்குள் படித்துவிட வேண்டும்.
விட்டால் அழுத்தத்தில் கொழுப்பு நழுவி
எண் தானாக இளைத்துவிடும்.
பதினாலு புள்ளி இரண்டு.

தோள்பட்டை எலும்புக்குக் கீழே, வேர்க்குருவுக்கு நடுவில், பதினொன்று.
இடுப்பெலும்பின் மேட்டில் பத்தொன்பது.
வயிற்றை எக்கிக்கொள்வார்கள் எல்லோரும் இந்த இடத்தில்;
இவள் எக்கவில்லை.
தொடையில் இருபத்தாறு.

எழுபத்திரண்டு பேரிடமும் அநேகமாக இதே கணக்கு.
கையில் கொஞ்சம், முதுகில் கொஞ்சம்,
கீழே இறங்க இறங்கத் தாராளம்.
வில்லியனூர் ரெஜினாவுக்கும் அப்படித்தான்,
ஒட்டடைக்குச்சி என்று வீட்டில் திட்டு வாங்கும்
பாகூர் தனக்கோட்டிக்கும் அப்படித்தான்.
ஒல்லி, குண்டு எல்லாம் ஊர் வைத்த பேர்.
உள்ளே பாகம் பிரித்தது
ஊரையும் கேட்கவில்லை,
இவர்களையும் கேட்கவில்லை.

"அங்க மட்டும் எதுக்கு இவ்ளோ?"
படித்ததைச் சொன்னேன்.
சேமிப்பு. பிள்ளை பெற்றால் பாலுக்கு என்கிறார்கள்,
பெறாவிட்டாலும் பசிக்கு.
சுடிதார் கையை இறக்கிவிட்டுக்கொண்டே யோசித்தாள்.
"தடைக்காலத்துக்கு எடுத்து வெக்கிற மாதிரி."

அறுபத்தோரு நாள்.
கரையேறிய படகுகள், ஏலக்கூடத்தில் தூங்கும் நாய்கள்,
சீட்டுப் பணம், கருவாடு, கடன்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், அடித்தேன்,
அடித்ததன்மேல் மறுபடி எழுதினேன்.

பயணப்படி இருநூறை மடித்து வைத்தவள்
வாசலில் திரும்பினாள்.
"உங்களுது எவ்ளோ?"
கை எட்டும் இடமெல்லாம் தெரியும்.
முதுகு மட்டும் தெரியாது.
அங்கே யாரும் தன்னைத்தானே அளந்துகொள்ள முடியாது.
"குடுங்க இப்டி."

எடை பார்த்துப் பழகிய விரல்கள்.
ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினாள்.
"பதினேழு."
"சரியாப் பாருங்க, அரை ஏதாவது..."
"இருக்கு," என்றாள். "அரைய
உங்களுக்காகத் தள்ளிட்டேன்."