முழுப் பூசணி

செய்தி முடியும்போது வானிலைக்காரி
சிரித்துக்கொண்டே சொன்னாள்:
தென்கிழக்கில் இன்றிரவு மைனஸ் இரண்டு.
செப்டம்பர் பிறந்து நாலே நாள்.
வோரு வட்டாரத்துக்கு ஒவ்வொரு வருஷமும்
இதே சிரிப்பு.

வெள்ளரி போனால் போகட்டும்,
இருபத்திரண்டு ஜாடி போட்டாயிற்று,
சதகுப்பை வாசம் தலையணை வரைக்கும் வந்துவிட்டது.
முட்டைக்கோசு குளிரைத் தின்று இனிக்கிற ஜாதி.
உருளை மண்ணுக்குள், அதற்கென்ன.
பூசணிதான்.
ஏழு. காம்பு இன்னும் பச்சை.
தோலில் நகம் இறங்குகிறது.

ஏப்ரலில் தயிர்க் கிண்ணங்களில் விதை ஊன்றி
அடுக்களை ஜன்னலில் அடுக்கியது ஐவார்.
மே மாதம் போனான்.
நாற்றை நான்தான் இறக்கி நட்டேன்.
பாசம் ஒன்றுமில்லை,
கிண்ணங்கள் வேண்டியிருந்தன.

தபால் நிலையத்தில் கேட்டவர்களுக்கெல்லாம்
ஹெல்சிங்கியில் கட்டட வேலை என்றேன்.
தார்த்துவில்,
ஒரு பல் வைத்தியரின் வீட்டில் என்று
சொல்லவில்லை.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
படுக்கை விரிப்பு மூன்று, ஜன்னல் திரை இரண்டு,
மாமியார் பின்னிய கிறிஸ்துமஸ் மேசைத்துணி.
ஆறுக்குத்தான் காணும்.
ஏழாவது வேலியோரம், இருப்பதிலேயே பெரிது.
கதவுக்குப் பின்னால் ஆணியில்
அவன் விட்டுப்போன குளிர்காலக் கோட்டு.
போர்த்தி, காலரை மேலே இழுத்துவிட்டேன்,
பழக்கதோஷம்.

விடியலில் புல் உப்பாய் வெளுத்திருந்தது.
துணிக்கு வெளியே நீட்டியிருந்த இலையெல்லாம்
வெந்த கீரை மாதிரி கறுத்து.
கோழிக்குத் தீனி வைக்க வந்த மைமு
வாளியைக் கீழே வைத்துவிட்டு
வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"ஐவார் வந்துட்டானா?
விடிஞ்சும் விடியாம குந்தி
என்ன பண்றான் அங்க?"

ஒரு நிமிஷம் எனக்கும் அப்படித்தான் இருந்தது.
கோட்டுக்குத் தோள் இருந்தது.
முதுகின் வளைவும்.

சோற்றில்கூட இல்லை,
நான் கோட்டில் மறைத்திருந்தேன்.

போய்த் தூக்கினேன்.
தகரம்போல் விறைத்த துணி
வளைந்த வாக்கிலேயே கையோடு வந்தது.
அடியில் ஆரஞ்சும் பச்சையுமாய் அது.
தொட்டால் மண்ணின் சூடு கொஞ்சம் மீதி.

மைமு பூசணியைப் பார்த்தாள், கோட்டை,
அப்புறம் என்னை.
வாளியை எடுத்துக்கொண்டாள்.

"அந்த மேசைத்துணி தாங்காது," என்றாள்,
"பின்னல்ல ஓட்டை ஜாஸ்தி.
எங்க வீட்ல பழைய கம்பளி கிடக்கு,
சாயந்தரம் கொண்டாரேன்.
ராத்திரிக்கு மைனஸ் மூணாம்."